டெக்சஸில் மெக்சிகோ மிளகாய் வாங்கப் பழகுவது

டெக்சஸுக்குப் புதிதாக வந்த நம்மவர்கள் பச்சை மிளகாய்க்கு இந்தியக் கடைக்குப் போவார்கள். மற்ற காய்கறிக்கு வீட்டுப் பக்கத்துச் சூப்பர் மார்க்கெட். இந்த இரண்டோடு நின்றுவிட்டால் ஒரு பெரிய விஷயம் கைநழுவிப் போகிறது. மிளகாய்க்குப் பிறந்த வீடு மெக்சிகோ. போர்த்துகீசியர் கப்பலில் நம் கரைக்கு வந்து சுமார் 500 ஆண்டுதான் ஆகிறது. அந்தப் பிறந்த வீட்டுக்கு அடுத்த வாசலில் குடியிருந்துகொண்டு, வாடிய குடமிளகாயும் பாட்டில் சாஸுமாகக் காலம் தள்ளுவதில் அர்த்தமில்லை.

டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கலிஃபோர்னியாவிலோ சிகாகோவிலோ இருந்தால் கடைப் பெயர்கள் மாறும், முறை மாறாது.

முதலில் கடை

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்றுதான்: சரக்கு ஓடுகிற கடையில் வாங்குங்கள். ஒரு கடைக்கு அன்றாடம் வருகிறவர்கள் எதைப் பை பையாக வாங்கிப் போகிறார்களோ, அதுதான் அந்தக் கடையில் புதிதாக இருக்கும். வெள்ளைக்காரர்கள் மட்டும் வருகிற கடையில் பொப்ளானோ மிளகாய் பத்து நாள் தண்ணீர் தெளிப்பில் கிடந்து தோல் சுருங்கியிருக்கும். மிளகாய் வற்றல் பாக்கெட் எந்தக் காலத்தில் தொங்கவிட்டதோ, தெரியாது. அதே பொருள் மெக்சிகோக்காரர் கடையில் காலையில் கொட்டினால் மாலையில் தீர்ந்திருக்கும். விலையும் பெரும்பாலும் பாதிக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஃபியெஸ்டா மார்ட் ஹூஸ்டனில் 1972-இல் தொடங்கியது, இன்று டாலஸ் பக்கமும் கிளைகள் உண்டு. டாலஸ் வட்டாரத்தில் எல் ராஞ்சோ இருக்கிறது. லா மிச்சொவாகானா என்ற பெயரில் சின்னச் சின்னக் கறிக்கடைகள் ஊர் ஊராக இருக்கின்றன. ஹெச்-இ-பி டெக்சஸின் சொந்தக் கடை. அதன் கிளைகளிலேயே காய்கறிப் பகுதி, சுற்றி யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும், ஆகவே ஒரு கிளையைப் பார்த்துவிட்டு ஹெச்-இ-பி-யில் கிடைக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். ஹூஸ்டனில் இருப்பவர்கள் ஏர்லைன் டிரைவில் உள்ள பழைய உழவர் சந்தைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். 1942-லிருந்து நடக்கிறது. மூட்டை மூட்டையாக வற்றலும், முள் சீவிய கள்ளி மடலும் அங்கே பார்க்கலாம்.

பெயர்ப்பலகையில் 'கார்னிசெரியா' என்றிருந்தால் கறிக்கடை, 'டோர்ட்டியெரியா' என்றிருந்தால் டோர்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டி சுடுகிற இடம், 'ஃப்ரூத்தெரியா' என்றால் பழக்கடை. சைவக்காரர்கள் கறிக்கடை என்றதும் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். ஒதுங்க வேண்டாம். கார்னிசெரியாக்கள் பெரும்பாலும் முழு மளிகைக் கடைகள்தான். கறி பின்சுவரை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். முன்பக்கம் காய்கறி, கீரை, பருப்பு, வற்றல் எல்லாம் இருக்கும். கறி வாடை கொஞ்சம் வரத்தான் செய்யும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போகும் நேரமும் முக்கியம். வெள்ளி மாலை, சனி காலை இரண்டிலும் சரக்கு குவிந்திருக்கும், கூட்டமும் இருக்கும். ஞாயிறு மாலை போனால் கீரைக் கட்டுகளில் தண்டு மட்டும்தான் மிச்சம். முதல் தடவை போகிறவர்கள் வேலை நாளில் காலையில் போவது நல்லது. வேலை செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல நேரம் இருக்கும். ஸ்பானிஷ் தெரியாதே என்று தயங்க வேண்டாம். 'பீக்கா மூச்சோ?' என்று கேட்டால் ரொம்பக் காரமா என்று பொருள். 'மேதியா லீப்ரா' என்றால் அரை பவுண்டு. 'தியேனே எபஸோத்தே?' என்றால் எபஸோத்தே என்ற கீரை இருக்கிறதா. இந்த மூன்றை வைத்துக்கொண்டே பல மாதம் ஓட்டலாம். வரிசையில் பக்கத்தில் நிற்கும் பாட்டியம்மாக்களிடம் மிளகாயைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள், கடைக்காரரைவிட விளக்கமாகச் சொல்வார்கள். பாதி கையசைவில்தான் நடக்கும், ஆனாலும் புரிந்துவிடும்.

பச்சையாக எதை எடுப்பது

ஆண்டு முழுதும் கிடைப்பவை ஹலபேன்யோ, செர்ரானோ, பொப்ளானோ, ஹபனேரோ. டெக்சஸ் ஹலபேன்யோவை 1995-இல் மாநில மிளகாயாகவே அறிவித்தது. ஆனால் காரத்துக்காக அதை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் காரம் குறைந்த ஹலபேன்யோ ரகங்களை உருவாக்கியது. ஊறுகாய், நாச்சோ தயாரிக்கிற ஆலைகளுக்கு எல்லாக் காயும் ஒரே மாதிரி, அளவான காரத்தோடு இருந்தால் வசதி. இன்று கடைகளில் மொழுமொழுவென்று பெரிதாக இருக்கிற ஹலபேன்யோ பல நேரம் குடமிளகாய்க்குத் தம்பி போலத்தான் கடிபடும். சின்னதாக, தோலில் தழும்பு போல பழுப்பு வரிகள் ஓடிய காய்களாகப் பொறுக்குங்கள். வரி ஓடியது முற்றிய காய், பெரும்பாலும் காரமும் கூட இருக்கும்.

நம் வீட்டுப் பச்சை மிளகாய்க்குப் பதில் எது என்று கேட்டால் செர்ரானோ. காரத்தை அளக்கிற ஸ்கோவில் கணக்கில் ஹலபேன்யோ 2,500 முதல் 8,000 வரை போகும் என்பார்கள், செர்ரானோ 10,000-இல் தொடங்கி 23,000 வரை. சட்னி, தாளிப்பு, மோர்க்குழம்பு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போடலாம். சதை கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். ஹபனேரோ லட்சத்துக்கு மேல் போகிற சாதி. பழ வாசனை அபாரம். மெக்சிகோவின் யூகடான் பக்கத்துச் சமையல் அதை நம்பியே நிற்கிறது. நறுக்கும்போது கையுறை போடாமல் இருப்பது வீரமல்ல. தொட்டுவிட்டால் முதலில் சமையல் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது.

பொப்ளானோவை மட்டும் நிதானமாகப் பொறுக்க வேண்டும். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். தோல் கரும்பச்சையாக, மெழுகு பூசியதுபோலப் பளபளக்க வேண்டும். காம்பு பச்சையாக இருக்கட்டும், காம்படியில் பூஞ்சணம் வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். அடைத்துச் சமைக்கப் போகிறீர்களென்றால் தோள் அகலமாக, பக்கங்கள் மடிப்பில்லாமல் தட்டையாக உள்ள காயாக எடுங்கள். நெருப்பில் வாட்டும்போது மடிப்புக்குள் தீ போகாது, அங்கே தோல் உரியாது. காரம் பொதுவாக மிதம், 1,000 முதல் 1,500 வரை. ஆனால் ஒரே கூடையில் ஒன்று பாலாகவும் அடுத்தது நெருப்பாகவும் வந்துவிடும். குழந்தைகளுக்குச் சமைப்பதென்றால் ஒவ்வொரு காயின் நுனியையும் கிள்ளிச் சுவைத்துவிட்டு அடையுங்கள்.

சில கடைகளில் நீளமாக, ஒல்லியாக, திருகலாகச் சிலாக்கா என்ற கரும்பச்சை மிளகாய் வரும். மஞ்சளாக இருப்பதற்கு குவேரோ என்று பெயர். மான்சானோ என்ற உருண்டை மிளகாயைப் பார்த்தால் ஒன்றை வாங்கி அறுத்துப் பாருங்கள், விதை கறுப்பாக இருக்கும். வேறு மிளகாயில் அந்த நிறத்தைப் பார்க்க முடியாது.

வற்றலுக்கு வேறு பெயர்

புதியவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது. பச்சையாக ஒரு பெயர், காய்ந்தால் இன்னொரு பெயர். பொப்ளானோ பழுத்துக் காய்ந்தால் அன்ச்சோ. சிலாக்கா காய்ந்தால் பாசீயா. மிராசோல் காய்ந்தால் குவாஹீயோ. ஹலபேன்யோவைப் பழுக்கவிட்டுப் புகை போட்டுக் காயவைத்தால் சிப்போட்லே. அதில் சின்னதாகக் கருஞ்சிவப்பாக இருப்பது மொரீட்டா, தவிட்டு நிறத்தில் பெரிதாக இருப்பது மெக்கோ. ஆர்போல் மட்டும் எந்த நிலையிலும் ஆர்போல்தான். இதற்கு மேல் ஒரு வம்பு: கலிஃபோர்னியாவில் பல கடைகளில் பச்சைப் பொப்ளானோவுக்கே பாசீயா என்று அட்டை வைத்திருப்பார்கள். அட்டையை நம்பாமல் காயைப் பாருங்கள். அகலமாக இதய வடிவில் இருந்தால் பொப்ளானோ, என்ன எழுதியிருந்தாலும் சரி.

வற்றலை உதிரியாகப் பெட்டியில் வைத்திருக்கிற கடையே மேல். ஒரு அன்ச்சோவை எடுத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். உலர்திராட்சை போல வளைந்து கொடுக்க வேண்டும். மொடமொடவென்று நொறுங்கினால் பழசு. மூக்கருகே கொண்டுபோனால் திராட்சையும் புகையிலையும் கலந்த வாசம் வர வேண்டும், வெறும் தூசி நாற்றம் வந்தால் வைத்துவிடுங்கள். குவாஹீயோவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தோல் செங்கண்ணாடி மாதிரி சிவப்பு தெரியும். பழுப்பு மஞ்சளாக வெளிறிய திட்டுகள் இருப்பவற்றை ஒதுக்கலாம். பாக்கெட்டாக இருந்தால் அடியில் மாவு போலப் பொடி கிடக்கிறதா, நூலாம்படை இழுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் பூச்சியின் வேலை. வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

எது நம் வற்றலுக்கு ஈடு? ஆர்போல் நம் நீட்டு மிளகாய்க்குப் பக்கத்தில் வரும், தாளிக்கலாம், காரமும் ஒத்துப்போகும். காஸ்கபெல் பார்க்க ராமநாதபுரம் முண்டு போல உருண்டையாக இருக்கும், ஆட்டினால் விதை கலகலக்கும், ஆனால் காரம் முண்டுவின் பக்கத்தில் நிற்காது. அன்ச்சோ, பாசீயா, குவாஹீயோ இந்த மூன்றுக்கும் நம்மிடம் மாற்று இல்லை. காஷ்மீரி மிளகாய்த் தூளைப் போட்டு மோலே என்ற மெக்சிகோக் குழம்பு செய்வதாகச் சொல்கிற குறிப்புகளைத் தாண்டிப் போய்விடுங்கள். நிறம் வரும், மற்றது எதுவும் வராது.

சமைக்கிற முறையும் வேறு. நாம் வற்றலை எண்ணெயில் கறுகவிடப் பழகியவர்கள். இவர்கள் காம்பும் விதையும் எடுத்து, காய்ந்த தோசைக்கல்லில் சில விநாடி மட்டும் புரட்டுவார்கள். வாசம் எழும்பியதும் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் சாறு முழுதும் கசக்கும். பிறகு வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மிக்ஸியில் அரைத்து, வடிகட்டி, எண்ணெயில் சுண்டவிட வேண்டும். ஊறிய தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டு நல்ல தண்ணீரில் அரையுங்கள்.

ஆகஸ்ட் மாதம்: ஹேட்ச்

இப்போது பருவத்துக்கு வருவோம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் டெக்சஸ் சூப்பர் மார்க்கெட் வாசலில் உருளை உருளையாக இரும்புக் கூண்டு வந்து நிற்கும். அடியில் கேஸ் சீறும், உள்ளே பச்சை மிளகாய் உருளும், வண்டி நிறுத்துமிடம் முழுக்க வாசனை பரவியிருக்கும். இது நியூ மெக்சிகோவின் ஹேட்ச் பள்ளத்தாக்கிலிருந்து வருகிற மிளகாய். ரியோ கிராண்டே நதிக்கரையில் ஹேட்ச் என்று ஒரு சின்ன ஊர். ஆண்டுதோறும் தொழிலாளர் தின விடுமுறையில் அங்கே மிளகாய்த் திருவிழா நடக்கும். அந்த மாநிலத்தில் மிளகாய் அரசாங்க விஷயம். உணவகத்தில் சிவப்பா பச்சையா என்று கேட்கிற கேள்வியை 1996-இல் மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வி ஆக்கிவிட்டார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்துமஸ்' என்று சொல்ல வேண்டும்.

ஹேட்ச் என்பது ரகத்தின் பெயரல்ல, ஊரின் பெயர். அந்த மண்ணில் பல ரகம் விளைகிறது. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராய் நகயாமா உருவாக்கி 1975-இல் வெளியிட்ட பிக் ஜிம் நீளத்துக்கும் சதைப்பற்றுக்கும் பேர் போனது. சாண்டியா காரம் கூடியது. கடையில் ரகப் பெயர் எழுதியிருக்க மாட்டார்கள், மைல்டு, மீடியம், ஹாட் என்று மட்டும் பெட்டி மேல் இருக்கும். நம் நாக்குக்கு ஹாட் வாங்குங்கள். மைல்டு என்பது நமக்கு வெறும் காய். வேறு இடத்து மிளகாயை ஹேட்ச் என்ற பெயரில் விற்பதும் நடக்கிறது. நியூ மெக்சிகோவுக்குள் இதைத் தடுக்கத் தனிச் சட்டமே உண்டு. டெக்சஸில் நாம்தான் பெட்டியில் விளைந்த இடம் பார்த்து வாங்க வேண்டும். மே மாதத்தில் ஹேட்ச் பச்சையாக வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

பருவம் ஆகஸ்ட் தொடக்கம் முதல் செப்டம்பர் நடு வரை. பிறகு காய் சிவக்கத் தொடங்கும். நான் ஆகஸ்ட் கடைசி வாரத்தைச் சொல்வேன். முதலில் வருகிற சரக்கில் காய் இளசாக, சதை மெலிதாக இருக்கும். கடைசியில் வருவது பாதி பச்சை பாதி சிவப்பு, இனிப்பு ஏறியிருக்கும். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் சில கடைகளில் அதற்குள் கூண்டை எடுத்துவிடுவார்கள். சென்ட்ரல் மார்க்கெட் என்ற சூப்பர் மார்க்கெட்டில் இந்தச் சமயம் ஹேட்ச் விழாவே நடத்துவார்கள். டாலஸ், பிளேனோ, ஃபோர்ட் வொர்த், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் அன்டோனியோ எங்கும் உண்டு. கூட்டத்தையும் விலையையும் தாங்க முடியாதவர்கள் ஹெச்-இ-பி-க்கோ ஃபியெஸ்டாவுக்கோ போகலாம். மிளகாய் ஒன்றுதான்.

வாங்கும் முறை: பச்சைக் காயைப் பொறுக்கி எடை போட்டுக் காசு கட்டிவிட்டுக் கூண்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். சில கடைகளில் வறுக்கக் கட்டணம் இல்லை, சில இடத்தில் பெட்டியாக வாங்கினால்தான் வறுப்பார்கள். முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டு எந்த நாள், எந்த மணிக்கு ஓடும் என்பதையும் போனில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், பெரும்பாலும் சனி ஞாயிறு மட்டும்தான். பெட்டி சுமார் 25 பவுண்டு இருக்கும். முதல் ஆண்டு பெட்டியில் இறங்க வேண்டாம், ஐந்து பவுண்டு போதும், அல்லது இரண்டு மூன்று குடும்பமாகப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பொறுக்கும்போது நேராக, தட்டையாக, கனமாக உள்ளவை. கொக்கி போல் வளைந்த காயை உரித்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும்.

கூண்டு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பார்க்கத் தோதாக இருக்கும். முதலில் படபடவென்று வெடிக்கும், பிறகு தோல் கொப்பளித்துக் கறுத்துச் சருகாகக் கூண்டின் ஓட்டை வழியே பறக்கும், காய் துவண்டு சுருளும். சூடாக அப்படியே பையில் கொட்டி முடிச்சுப் போட்டுத் தருவார்கள். பையை உடனே அவிழ்க்க வேண்டாம். கால் மணி நேரம் தன் ஆவியிலேயே வெந்தால் தோல் தானாகக் கழலும். ஆனால் டெக்சஸ் வெயிலில் காரின் டிக்கியில் போட்டுவிட்டு வேறு நாலு கடைக்குப் போகாதீர்கள். வறுத்த மிளகாயில் புளிப்பு இல்லை, சூட்டில் கிடந்தால் கெட்டுப்போகும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிஜ்ஜிலோ ஃப்ரீசரிலோ ஏற்றிவிட வேண்டும். வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்கிற எண்ணமும் வேண்டாம். அதற்குப் பிரஷர் கேனர் வேண்டும், சாதாரணக் கொதிநீர் முறை போதாது.

ஃப்ரீசரில் வைப்பதற்கு ஒரு சூட்சுமம்: தோலோடு வையுங்கள். ஜிப் பையில் ஒரு வரிசையாகப் பரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, தட்டையாக அடுக்கினால் அடுத்த ஆகஸ்ட் வரை தாங்கும். உருகும்போது தோல் இன்னும் சுலபமாக வரும், வாசனையும் தங்கும். உரிக்கும்போது குழாயடியில் பிடித்துக் கழுவக் கூடாது, பணம் கொடுத்து வாங்கிய புகை வாசம் சாக்கடைக்குப் போய்விடும். கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உரியுங்கள். அங்கங்கே கறுப்புத் துணுக்கு ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

கூண்டு கிடைக்காவிட்டால் வீட்டிலும் வாட்டலாம். கேஸ் அடுப்பென்றால் கத்தரிக்காய் சுடுகிற மாதிரிதான். இங்கே அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் மின்சார அடுப்பு. அவனின் பிராய்லரில் மேல் தட்டில் வைத்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, தோல் கறுத்ததும் எடுத்து ஒரு பாத்திரத்தில் போட்டு மூடுங்கள். ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட்டைப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். மிளகாய்ப் புகைக்குப் புகை அலாரம் எழுந்துகொள்ளும், பக்கத்து வீட்டுக்காரரும் இருமுவார்.

உரித்த ஹேட்ச்சை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: நறுக்கி, பூண்டு வெங்காயத்தோடு வதக்கி, உருளைக்கிழங்கு போட்டுக் கொதிக்கவிட்டால் நியூ மெக்சிகோக்காரர்களின் பச்சை மிளகாய்க் குழம்பு ஆயிற்று. தயிரில் போட்டுக் கடுகு தாளித்தால் பச்சடி. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பருவம் தவறிவிட்டால் அனஹைம் மிளகாய் வாங்குங்கள். நியூ மெக்சிகோ விதையிலிருந்து கலிஃபோர்னியா போன சாதிதான் அது. மிளகாய் நெருங்கின சொந்தம், காரம் மட்டும் தள்ளி நிற்கும்.

மற்ற மாதங்களில்

வசந்தத்தில் நொப்பால் இளசாக வரும். சப்பாத்திக்கள்ளி மடல்தான். முள் சீவி நறுக்கியதைப் பையில் வாங்கலாம், அன்றைக்கே சீவியதா என்று கேளுங்கள், ஓரம் கறுத்திருந்தால் இல்லை. வெண்டைக்காய்க்கு உள்ள வழவழப்பு உண்டு, வதக்கினால் போய்விடும். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் சைவக்காரர்களுக்கு நல்ல காலம். வெள்ளிக்கிழமைகளில் கறி சாப்பிட மாட்டார்கள் என்பதால் உணவகங்களிலும் கடைகளிலும் கறியில்லாத பண்டங்கள் கூடும். மீனும் இறாலும் உண்டு என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கோடையில் பூசணிப்பூ, வெர்தொலாகா. பின்னது நம் பருப்புக்கீரையேதான், தயங்காமல் கூட்டு வைக்கலாம். மழைக்காலத்தில் மக்காச்சோளக் கதிரில் பூஞ்சணம் பிடித்துக் கருஞ்சாம்பலாக வீங்கியிருப்பதை வித்லாகோச்சே என்று விலை கொடுத்து வாங்குவார்கள். பார்வைக்கு எப்படியோ, சுவை காளானுக்கும் சோளத்துக்கும் நடுவில். அது பச்சையாகக் கிடைப்பது அரிது, டின்னில் கிடைக்கும்.

ஆகஸ்ட், செப்டம்பரில் பொப்ளானோவை அடைத்து, வால்நட் சாறு ஊற்றி, மாதுளை முத்து தூவுகிற சீலேஸ் என் நொகாதா என்ற பண்டத்துக்குப் பருவம். பச்சை, வெள்ளை, சிவப்பு மூன்றும் மெக்சிகோக் கொடியின் நிறம், செப்டம்பர் 16 சுதந்திர தினத்தோடு ஒட்டிவருவது. புதிய வால்நட்டும் மாதுளையும் அப்போதுதான் கடைக்கு வரும். அக்டோபர் கடைசியில் இறந்தோர் நாளுக்காகச் செண்டுமல்லிப்பூ குவிப்பார்கள். பூஜைக்குப் பூ தேடுகிறவர்கள் அந்த வாரம் மெக்சிகோக் கடைக்குப் போனால் கை நிறைய வாங்கலாம். டிசம்பரில் கொய்யா, கரும்பு, தேஹொகோத்தே என்ற சின்ன மஞ்சள் பழம், எல்லாம் சூடான ஒரு பழக் கஷாயத்துக்கு.

மிளகாய் அல்லாதவை

தொமாத்தியோ தக்காளி அல்ல. காகிதம் போன்ற உறை உண்டு. உறை காயோடு இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளே விரலை விட்டால் பிசுபிசுக்கும், அது நல்ல அறிகுறிதான், கழுவினால் போகும். சின்னதாக இருப்பதில் சுவை கூட. எபஸோத்தே என்ற கீரையைப் பச்சையாக வாங்குங்கள், காய்ந்ததில் ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் வாடை என்று முதலில் முகம் சுளிப்பீர்கள், கறுப்புப் பீன்ஸில் ஒரு கொத்துப் போட்டபின் விட மாட்டீர்கள். ஓஹா சாந்தா பெரிய இதய வடிவ இலை, மிளகும் வெற்றிலையும் சேர்ந்த குடும்பம். முகர்ந்தாலே உறவு தெரியும்.

மெக்சிகோ ஓரெகானோ தனிச்செடி, பீட்சாவில் தூவுவது அதுவல்ல. கனேலா என்று விற்பது மெலிதாகச் சுருண்ட இலங்கைக் கறுவாப் பட்டைதான். மெக்சிகோக்காரர்கள் அதைத்தான் விரும்பி வாங்குகிறார்கள், ஆகவே பிரியாணிக்கல்ல, பாயசத்துக்கு நல்ல பட்டை வேண்டுமென்றால் இங்கே வாங்குங்கள். பிலோன்சீயோ கூம்பு வடிவ வெல்லம்.

டோர்ட்டியாவுக்கு மாசா ஹரீனா என்ற மாவு வேண்டும். மாசேகா என்ற பிராண்டு எல்லாக் கடையிலும் உண்டு. இந்தியக் கடையின் மக்காச்சோள மாவில் இது வராது. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோளத்துக்குத்தான் அந்த ஒட்டும் தன்மையும் மணமும் இருக்கும். டோர்ட்டியெரியாவில் ஈர மாவாகவே கேட்டு வாங்கலாம், அன்றைக்கே தீர்க்க வேண்டும். 'ப்ரெபராதா' என்று எழுதிய மாவு, தமால் என்ற ஆவியில் வேகவைக்கிற சோளமாவுப் பண்டத்துக்குப் பன்றிக்கொழுப்பும் உப்பும் சேர்த்துப் பிசைந்தது, சைவக்காரர்கள் 'சின் ப்ரெபரார்' என்று கேட்க வேண்டும்.

அந்தக் கொழுப்புக்கு மாந்தேக்கா என்று பெயர். மாந்தேக்கியா என்றால் வெண்ணெய். பொருள் பட்டியலில் இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். டின் பீன்ஸ், கோதுமை டோர்ட்டியா இரண்டிலும் மாந்தேக்கா இருக்கலாம். சோள டோர்ட்டியா பொதுவாகச் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் மட்டும்தான். உணவகச் சிவப்புச் சாதத்தில் கோழிச்சாறு சேர்ப்பது வழக்கம். பாலாடைக்கட்டியில் பானேலா நம் பனீருக்கு நெருக்கம், உருகாது, கல்லில் வாட்டலாம். ஓஹாக்கா நூல் நூலாக உருகும். உறைய விடுகிற ரென்னெட் விலங்கிலிருந்து வந்ததா என்று உறையைப் பாருங்கள். கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டில் பாஸ்சரைஸ் செய்ததா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும். தெருவோரத்தில் வீட்டுத் தயாரிப்பு என்று விற்பதை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், லிஸ்டீரியா பயம் உண்டு.

முதல் தடவைக்கு நீளமான பட்டியல் வேண்டாம். நாலு பொப்ளானோ, கால் பவுண்டு செர்ரானோ, ஒரு பவுண்டு தொமாத்தியோ, கையளவு குவாஹீயோ, ஒரு கட்டு எபஸோத்தே, ஒரு பொதி சோள டோர்ட்டியா. தொமாத்தியோவையும் செர்ரானோவையும் பூண்டோடு கல்லில் வாட்டி உப்புப் போட்டு அரைத்தால் அன்றைக்கே பச்சை சல்சா ரெடி, இட்லிக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

கடையில் கிடைக்காத ஒன்றுக்கு மட்டும் தொட்டி வையுங்கள்: சீலே பிக்கின், நம் ஊசி மிளகாயைவிடச் சின்னது, பட்டாணி அளவு. டெக்சஸில் காடாகவே வளர்கிற சாதி. இதன் நெருங்கிய உறவான சில்தெப்பின் 1997-லிருந்து மாநிலத்தின் சொந்த மண் மிளகாய். நர்சரிகளில் வசந்தத்தில் நாற்றாகக் கிடைக்கும், டாலஸ் பக்கம் மார்ச் நடுவில் கடைசி உறைபனி தாண்டியதும் வைக்கலாம். ஜூலை வெயிலில் பூ கொட்டும், பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள், செப்டம்பரில் சூடு தணிந்ததும் மறுபடி காய்க்கும். பழுத்ததும் வலை போட்டுவிடுங்கள், பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது.